மரம் வளர்த்தோரும் மண் வாங்கினோரும்

மலாக்கா மாநிலத்துத் தோட்டப்புறத் தமிழில் 'காடு' என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. விலங்குகள் உலவும் அடர்வனத்தை அச்சொல் குறிப்பதில்லை. நிரை பிடித்து நட்ட ரப்பர் மரங்கள் நிற்கும் நிலமே அங்குக் காடு. விடியற்காலையில் பெரட்டு முடிந்து, உளியும் வாளியுமாகப் புறப்படும் பால்வெட்டுத் தொழிலாளியை எங்கே போகிறீர் என்று கேட்டால், "என் காடு ஆற்றோரம்" என்பார். அவருக்கு அந்தக் காட்டில் ஓர் இலைகூடச் சொந்தமில்லை. ஆயினும் எந்த மரம் மழைக்காலத்தில் பால் மிகுதியாகத் தரும், எதன் பட்டை காய்ந்துவிட்டது என்பவற்றையெல்லாம் தம் பிள்ளைகளின் இயல்பை அறிந்ததுபோல் அறிந்திருப்பார். 'என்' என்று அவர் கூறிய அச்சொல் உண்மையாகக்கூடிய வாய்ப்பு ஒன்று 1950களில் வந்தது. பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலம் அது. அவ்வாய்ப்பு ஏன் அவர் கைக்கு எட்டவில்லை என்பதே மலாக்காத் தமிழரின் நில வரலாற்றில் ஆராயத்தக்க செய்தியாகும்.

தமிழருக்கும் மலாக்கா மண்ணுக்கும் உள்ள தொடர்பு ரப்பரோடு தொடங்கியதன்று. மலாக்கா சுல்தான்கள் ஆண்ட காலத்திலேயே தமிழ் வணிகர் இத்துறைமுகத்தில் நிலைத்திருந்தனர். அவர்தம் வழிவந்த மலாக்காச் செட்டிகள் காஜா பேராங் பகுதியில் இன்றும் வாழ்கின்றனர். அச்சமூகத்தின் தலைவராக விளங்கிய தெய்வநாயகம் செட்டிக்கு டச்சு அரசினர் வழங்கிய நிலத்தில்தான் 1781ஆம் ஆண்டில் பொய்யாத விநாயகர் ஆலயம் எழுந்தது. அரசு கொடுத்த உரிமையோடு தமிழர் மலாக்காவில் நிலம் கொண்டிருந்தனர் என்பதற்குக் கண்கூடான சான்று அக்கோயில்.

டச்சுக்காரர் நிலத்தை ஆண்ட முறை விந்தையானது. பெருநிலப் பரப்புகளைத் தம் மக்கள் சிலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டனர். அவர்கள் அந்நிலத்தைப் பயிரிடவில்லை. பயிரிட்டவர்களிடம் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைப் பெற்றுவந்தனர். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையால் மலாக்கா ஆங்கிலேயர் வசமானபோது, யாருக்கு எது சொந்தம் என்பது பெருங்குழப்பமாயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனி 1828இல் அவ்வுரிமையாளர்களுக்கு ஆண்டுதோறும் பணம் தருவதாக ஒப்பி, அவர்களிடமிருந்து உரிமையைத் தன் பக்கம் மீட்டுக்கொண்டது. அந்தப் பத்தில் ஒரு பங்கு வரியை நானிங் பகுதியிலும் வாங்க முற்பட்டபோது, பெங்குலு டோல் சாயிட் மறுத்தார். 1831, 1832 ஆண்டுகளில் போரே மூண்டது. அப்போரில் கம்பெனிக்காகப் போரிட்டவருள் சென்னைப் படையின் சிப்பாய்களும் இருந்தனர். பிறர் நிலத்திற்காகக் கடல்கடந்து வந்து குருதி சிந்தியோர் வரிசையில் அவர்களையும் சேர்த்தெண்ண வேண்டும்.

இவ்வரலாற்றின் விளைவாக மலாக்காவில் இருவகை நிலங்கள் நிலைபெற்றன. மலாய்க் குடிமக்கள் வழிவழியாக ஆண்டுவந்த வழக்குநிலம் ஒன்று. அது பிற இனத்தாருக்குக் கைமாற இயலாது. அரசு கிராண்டு எழுதிக் கொடுத்த நிலம் மற்றொன்று. அதனைப் பணமுள்ள எவரும் வாங்கலாம், விற்கலாம். ரப்பர்த் தோட்டங்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையில் அமைந்தவை. சட்டம் தமிழனைத் தடுத்தது என்று சிலர் எண்ணுவர். தோட்ட நிலத்தைப் பொறுத்தவரை அது முழு உண்மையன்று. தடுத்தவை வேறு.

ரப்பர் இந்நாட்டில் வாணிகப் பயிராக முதன்முதல் நடப்பட்டதே மலாக்காவில்தான் என்பதை மாணவர் அறிவர். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராயிருந்த ரிட்லி, ரப்பர் விதைகளைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டக்காரர்களை நாடி அலைந்தார். காப்பியில் பணம் கண்டிருந்த வெள்ளைக்காரர் அவரைப் பொருட்படுத்தவில்லை. மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் என்னும் சீனர்தாம் அவர் சொல்லை நம்பி, 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பரை நட்டார். அடுத்து புக்கிட் அசகானில் மரவள்ளிக்கு ஊடே ஏறத்தாழ 3,000 ஏக்கர் அளவுக்கு அதனை விரித்தார். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடியுமுன்னரே அத்தோட்டம் பெருவிலைக்கு இலண்டன் கம்பெனியொன்றின் கைக்குப் போயிற்று. நாற்பது ஏக்கரில் தொடங்கிய ஒருவருடைய துணிவு, பத்தே ஆண்டுகளில், அந்த மண்ணைக் கண்ணாலும் காணாத பங்குதாரர்களின் உடைமையாயிற்று.

அத்தோட்டங்களைக் கட்டிக் காக்கத்தான் தமிழர் கப்பலேறினர். கங்காணிமார் ஊரூராகச் சென்று ஆள் சேர்த்தனர். பின்னர்க் குடியேற்ற நிதி வழிச்செலவைக் கொடுத்தது. 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அவ்வருகை தொடர்ந்தது. 1920களின் இறுதியில் நல்ல தோட்டங்களில் ஆணுக்கு நாட்கூலி 50 காசும், பெண்ணுக்கு 40 காசும் என வரையறுத்தனர். விலை சரிந்த ஆண்டுகளில் அதுவும் குறைந்தது. குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குக் காய்கறி போடவோ ஆடுமாடு மேய்க்கவோ ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் கூறிற்று. ஆயிரக்கணக்கான ஏக்கரைத் திருத்தியவனுக்குச் சட்டம் மனமிரங்கி அளந்த அளவு அது! அதுவும் உடைமையன்று, வேலை போனால் முருங்கையும் கத்தரியும் அடுத்து வருபவனுக்கு.

தமிழருள் நிலம் வாங்கியோர் இல்லையா எனின், இருந்தனர். நாட்டுக்கோட்டை நகரத்தார் மலாக்காவில் வட்டிக்கடை நடத்தினர்; செங் பகுதியிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயில் அவர்தம் பற்றுக்கும் செல்வாக்குக்கும் சான்றாக நிற்கிறது. அவர்கள் நிலத்தை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்தனர். 1930களின் பெருமந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்து, கடன் திரும்பாதபோது, தோட்டங்கள் அவர்கள் கைக்கு வந்தன. ஆனால் நிலம் அவர்களுக்கு முதலீடாக இருந்ததேயன்றி வாழ்விடமாக இருக்கவில்லை. அவர்கள் கணக்கு செட்டிநாட்டில் முடிந்தது. போருக்குப் பின்னர்ப் பலர் விற்றுவிட்டு ஊர் திரும்பினர். தமிழர் உடைமை என்று பெயர் பெற்றிருந்த தோட்டத்திலும் பால்வெட்டும் தமிழனுக்கு லயத்து அறைதான் கிடைத்தது என்பதை மறைப்பதில் பயனில்லை.

இனித் துண்டாடலுக்கு வருவோம். கொரியப் போரின்போது ரப்பர் விலை வானளாவ உயர்ந்தது, பின் சரிந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் துரைமார் காவலின்றித் தோட்டத்தைச் சுற்றிவர அஞ்சினர். 1956 பிப்ரவரியில் துங்கு அப்துல் ரகுமான் இலண்டனிலிருந்து திரும்பி, விடுதலை நாளை மலாக்காத் திடலில் மக்கள் முன் அறிவித்தார். திடலில் கூடியிருந்தோர் ஆரவாரித்தனர். தோட்டக் கம்பெனிகளின் இயக்குநர்களோ, கிடைக்கும் விலைக்கு விற்றுவிட்டுப் போவது நலமா என்று எண்ணலாயினர். மரங்களும் முதுமை எய்தியிருந்தன. பிடுங்கி மறுநடவு செய்தால் ஆறேழு ஆண்டுகள் வருவாய் இராது. எனவே பலர் விற்றனர்.

வாங்கியோர் யார்? நகரத்து வணிகர் சிலர் கூடி முன்பணம் கட்டித் தோட்டத்தை மொத்தமாகப் பேசினர். அளவையாளரைக் கொண்டு அதனைச் சிறு துண்டுகளாகக் கோடு கிழித்தனர். பின்னர்த் துண்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை வைத்து விற்று, அந்தப் பணத்தைக் கொண்டே மீதியைக் கட்டினர். மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் இடையிலுள்ள வேறுபாடு அவர்தம் ஊதியம். மளிகைக் கடைக்குத் தெரிந்த வணிகந்தான் அது. சரக்கு மட்டுமே வேறு. 1951 முதல் 1960 வரை மலாயாவில் நிகழ்ந்த இத்துண்டாடலை மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியலறிஞர் உங்கு அசீஸ் ஆராய்ந்து 1962இல் அறிக்கையாக வெளியிட்டார். நாடறிந்த சிக்கலாக அது மாறியதற்கு அவ்வாராய்ச்சி பெருங்காரணம்.

விற்கப்பட்ட துண்டின் அளவை ஈண்டு நின்று நோக்க வேண்டும். முதிர்ந்த ரப்பர்க் காட்டில் ஏக்கருக்கு நூறு மரத்தை ஒட்டி நிற்கும். ஒரு தொழிலாளி ஒரு காலையில் வெட்டக்கூடிய மரங்கள் நானூறு, ஐந்நூறு. ஆக, நாலைந்து ஏக்கர்த் துண்டு என்பது ஒரு பால்வெட்டுக்காரரின் ஒருநாள் வேலை. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால், அத்தகைய இரு துண்டுகள் ஒரு குடும்பத்திற்குப் போதுமான வேலையைத் தரும். அளவையாளர் கிழித்த கோடு, அவரை அறியாமலே, 'என் காடு' என்று தொழிலாளி சொல்லிவந்த பரப்போடு பெரும்பாலும் பொருந்தி நின்றது.

நிலத்தை மதிப்பிடுவதிலும் தொழிலாளியை விஞ்சியவர் இல்லை. துண்டு வாங்க வந்த நகரத்துக் கடைக்காரர் எல்லைக்கல்லைப் பார்த்தார், சாலைக்கு வழி உண்டா என்று கேட்டார், மரத்தை எண்ணினார். பட்டையில் இனி வெட்டுவதற்கு எத்தனை ஆண்டுக்கு இடமுண்டு, வேரழுகல் நோய் எந்த நிரையில் பரவுகிறது, எந்தப் பள்ளத்தில் மழைநீர் தேங்கும் என்பவை அவருக்குத் தெரியா. விற்பதற்குமுன் சில உரிமையாளர், மரம் இனி வாழ வேண்டுவதில்லை என்னும் எண்ணத்தோடு, உயரத்தில் ஏணி வைத்தும் இருபுறமும் வெட்டியும் பாலை வற்ற உறிஞ்சிக்கொண்டனர். அத்தகைய துண்டை வாங்கியவர் மரத்தை வாங்கவில்லை, விறகை வாங்கினார். இதனையெல்லாம் ஒரு பார்வையில் சொல்லக்கூடியவர் லயத்தில் அமர்ந்து, புதிய முதலாளி யாரோ என்று காத்திருந்தார்.

இவ்வணிக முறை மலாயாவுக்கு மட்டும் உரியதன்று. இலண்டன் கம்பெனிகளின் தாய்நாடாகிய இங்கிலாந்திலும் அண்மைப் பத்தாண்டுகளில் இதே முறையில் மரச்சோலைகள் விற்கப்படுகின்றன. பெரிய காட்டை ஒருவர் வாங்கிச் சில ஏக்கர்த் துண்டுகளாகப் பிரித்து விற்கிறார். வாங்குவோர் பெரும்பாலும் நகரத்தார். பறவை ஒலி கேட்கவும், பிள்ளைகளோடு விடுமுறையைக் கழிக்கவும், குளிருக்குக் கொஞ்சம் விறகு வெட்டவும் வாங்குகின்றனர். அங்கே வீடு கட்டிக் குடியேற அனுமதி எளிதில் கிடைப்பதில்லை. மூன்று மாதக் காலத்தில் ஐந்து கனமீட்டருக்கு மேல் மரம் வெட்டவும் உரிமம் வேண்டும். அத்துண்டால் யாருக்கும் சோறு கிடைப்பதில்லை; அதை எதிர்பார்த்து யாரும் வாங்குவதுமில்லை. மலாக்காவில் துண்டாடப்பட்ட காட்டிலோ லயம் இருந்தது, கோயில் இருந்தது, பள்ளி இருந்தது, பிறப்பும் இறப்பும் இருந்தன. அங்கே காடு பிரிந்தால் நிழல் பிரியும். இங்கே ஊரே பிரிந்தது.

தொழிலாளி ஏன் வாங்கவில்லை? கூலி போதாமை முதற்காரணம். அதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. முன்பணத்தை மொத்தமாகக் கேட்டனர். மாதச் சம்பளத்தில் கடைப்பற்று போக எஞ்சியது கொஞ்சம். வங்கி என்பது பட்டணத்தில் இருந்த ஒரு கட்டடம். அதன் படியேறியவர் அரியர். சேமிப்பு என்றால் பெண்களின் காதிலும் கழுத்திலும் கிடந்த பொன், அல்லது 'கூட்டு'. மாதந்தோறும் பத்துப் பேர் பணம் போட்டு முறைவைத்து எடுக்கும் அக்கூட்டில் ஏமாற்றமும் மிகுந்திருந்தது. 1971இல் அரசு அதனைத் தடை செய்து இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்னும் தமிழ்ச்சொல் இடம்பெற்றுவிட்டது. மலேசியச் சட்டநூலில் ஏறிய தமிழ்ச்சொற்கள் சிலவே; அவற்றுள் இதுவும் ஒன்றாக அமைந்தது வருந்தத்தக்க பெருமை.

பணத்தைவிட ஆழமான காரணம் மனத்தில் இருந்தது. பாதிப்பேர் உள்ளத்தில் ஊர் தஞ்சாவூரிலோ சேலத்திலோ இருந்தது. இரண்டு மா நஞ்சை வாங்கினால் அங்கே வாங்க வேண்டும் என்பது அவர் கனவு. மலாக்கா நீரிணைக் குடியேற்ற நாடாக இருந்தமையால், இங்குப் பிறந்தோர் பிரிட்டிஷ் பிரஜைகள். 1948ஆம் ஆண்டுக் கூட்டரசு உடன்படிக்கையின்படி, பதினைந்தாண்டுகள் இங்கு வாழ்ந்திருந்தால் குடியுரிமைக்கு அவர்களுக்கு வழி இருந்தது. பக்கத்து நெகிரி செம்பிலான் தோட்டத்தில் பிறந்தவனுக்கு இல்லாத வாய்ப்பு அது. ஆனால் பிறப்புப் பத்திரம் எத்தனை பேரிடம் இருந்தது? இருந்தோரும் அதன் பயனை உணரவில்லை. 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதோர் வேலை பார்க்க அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்று அரசு ஆணையிட்டபோதுதான் அந்தத் தாளின் விலை தெரிந்தது, பலர் கப்பலேறினர்.

தோட்டம் துண்டானபின் நேர்ந்தவை துயரமானவை. நூறு ஏக்கருக்குக் குறைந்தது அரசுக் கணக்கில் தோட்டமன்று, சிறுநிலம். தோட்டத்திற்கு விதித்த வீட்டுவசதி, மருந்தகம், ஆயாக்கொட்டகை ஆகிய கடமைகள் சிறுநில உடைமையாளரைத் தொடரவில்லை. சேமநிதி கட்டுவாருமில்லை. லயம் நின்ற துண்டை வாங்கியவர் அதனைக் காலிசெய்யச் சொன்னார். கோயில் நின்ற துண்டை வாங்கியவர் இடித்துவிட அஞ்சி வேலி மட்டும் போட்டார். பிள்ளைகள் குறைந்ததும் தமிழ்ப்பள்ளி தானே மூடிக்கொண்டது. வேலை கிடைத்தோருக்கும் 'பாகி டுவா' முறைதான் கிடைத்தது: வடிந்த பாலில் பாதி வெட்டியவருக்கு, பாதி நிலத்தாருக்கு. மழை பெய்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை என்பார்கள். ஆனால் ஒருவருக்குக் கடை இருந்தது, மற்றவருக்கு உளி மட்டும் இருந்தது.

இந்நிலையில்தான், அமைச்சராகவும் மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராகவும் விளங்கிய வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தனியொருவரால் நாலு ஏக்கர் வாங்க முடியாது. எல்லோரும் சேர்ந்தால் தோட்டத்தையே வாங்கலாம் என்பது அதன் அடிப்படை. பங்கு நூறு வெள்ளி. அதனை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். சுங்கை சிப்புட்டில் தோட்ட உடைமையாளர் குடும்பத்தில் பிறந்த சம்பந்தன் தோட்டந்தோட்டமாக ஏறி இறங்கினார். அரசியல்வாதிக்குப் பணம் கொடுப்பதா என்னும் ஐயம் எளிதில் தீரக்கூடியதன்று. கூட்டில் ஏமாந்தவர்க்கு அது பன்மடங்கு. ஆயினும் பத்து வெள்ளித் தாள்கள் சேர்ந்தன. 1961இல் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று. பின்னர் வேறு மாநிலங்களிலும் தோட்டங்கள் வாங்கப்பட்டன. 1979இல் சம்பந்தன் மறைந்தபின்னும் சங்கம் நிலைத்தது.

மலாயாத் தமிழர் செய்த பொதுப்பணிகளில் இதற்கு ஈடானவை மிகச் சிலவே. கூறுபோடப்பட இருந்த தோட்டங்கள் முழுமையாக நின்றன. லயங்களும் பள்ளிகளும் தப்பின. எனினும் ஒன்றைக் கூறாதிருத்தல் நேர்மையாகாது. பங்குச்சீட்டு வேறு, கிராண்டு வேறு. சங்கத்தின் தோட்டத்தில் பால்வெட்டிய உறுப்பினர் மறுநாளும் பெரட்டுக்குத்தான் வந்தார்; ஆண்டிறுதியில் இலாப ஈவும் பெற்றார். அவர் நிரையில் நின்ற மரம் அவருடையதா என்றால், பல்லாயிரத்தில் ஒரு கூறு அவருடையது. சேர்ந்து காப்பது கைகூடியது. தனித்து ஆள்வது கைகூடவில்லை. 1956இல் தொடங்கிய பெல்டா நிலத்திட்டம் குடியேறியவர்க்கு ஏக்கர் கணக்கில் தனித்தனி நிலம் வழங்கிற்று. அதில் இடம்பெற்ற தமிழர் தொகை சிறிது. பிற்காலத்தில் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டத்தைப் பிரிக்கவோ கைமாற்றவோ தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்றாயிற்று. அதற்குள் துண்டானவை துண்டாகிவிட்டன.

துணிந்து தனித்து வாங்கிய தமிழரும் இருந்தனர் என்பதை மறந்துவிடலாகாது. கிராணிமார், கங்காணிமார், சிறுகடை வைத்திருந்தோர், அரிதாகச் சில பால்வெட்டுக் குடும்பங்கள். பொன்னை விற்று, மாடு விற்று, உறவினரிடம் கைமாற்று வாங்கி மூன்று ஏக்கரோ நாலு ஏக்கரோ வாங்கினர். காலையில் கம்பெனிக் காட்டை வெட்டிவிட்டு, மாலையில் தம் காட்டில் களையெடுத்தனர். மறுநடவுக்கு அரசு தந்த உதவித்தொகை தவணை தவணையாக வந்தது. கன்று பால்தரும் பருவம் அடையும்வரை மரவள்ளியும் வாழையும் ஊடுபயிராக நின்று குடும்பத்தைத் தாங்கின. வீட்டில் மரப்பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்த கிராண்டை, படிக்கத் தெரியாதவரும் எடுத்தெடுத்துப் பார்ப்பதுண்டு.

அத்துண்டுகள் இன்று மூன்றாம் தலைமுறைக்கு வந்திருக்கின்றன. வேளாண் நிலத்தை ஐந்தில் இரண்டு ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கருக்கு, குறைவாகப் பிரித்துத் தனிக் கிராண்டு எழுத நிலச் சட்டம் இடந்தரவில்லை. மூன்று ஏக்கர் வாங்கியவருக்கு நான்கு பிள்ளைகள் என்றால், நிலம் பிரியாது. நால்வர் பெயரும் ஒரே கிராண்டில் கால் பங்கு, கால் பங்காக ஏறும். ஒருவர் ஜொகூர் பாருவில் இருப்பார். ஒருவர் சிங்கப்பூரில் வேலையாயிருப்பார். ஒருவர் இறந்து, அவர் பங்குக்குப் பிள்ளைகள் இன்னும் மனுச் செய்யாதிருப்பர். நிலத்தை விற்கவோ, ஈடு வைக்கவோ, செம்பனைக்கு மாற்றி நடவோ அத்தனை பேரின் கையெழுத்தும் வேண்டும். மரங்கள் வெட்டுவாரின்றி உயர்ந்து, அடியில் பற்றை மண்டி, உண்மையான காடாகவே மாறிக்கொண்டிருக்கின்றன. நிலவரிச் சீட்டு மட்டும் ஆண்டுதோறும் மூத்தவர் முகவரிக்கு வந்து சேர்கிறது.